ஒரே காம்பவுண்டு, ரெண்டு ரசீது: ஒரு கத்தோலிக்கப் பள்ளி எப்படிப் பிறக்குது, எப்படி வளருது?

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி, சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.)

போன மாசம் ஒரு பட்டா நகல் தேடி ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோட ட்ரங்க் பெட்டியைத் திறந்தா, பட்டா கிடைக்கல. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின ஒரு கத்தை ஸ்கூல் ஃபீஸ் ரசீது கிடைச்சுது. பாதி அக்காவோடது, பாதி என்னோடது.

நாங்க ரெண்டு பேரும் படிச்சது தருமபுரி மாவட்டத்துல ஒரு கத்தோலிக்கப் பள்ளி. பேர் வேண்டாம். ஏன்னா இந்தக் கதை அந்த ஒரு பள்ளியோடது மட்டும் இல்ல. ரசீதுல இருக்கிற புனிதர் பேரு ஒண்ணுதான். ஊரும் ஒண்ணுதான். ஆனா அக்காவோட வருஷ ரசீதுல ரெண்டு இலக்கத்துல ஒரு தொகை. என்னோடதுல நாலு இலக்கம், அதுவும் ஒரு டெர்முக்கு.

ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டு. குடிக்கிற தண்ணி ஒரே கிணத்துல இருந்துதான் ரெண்டு பக்கமும் வரும். காலைல பெல் அடிச்சா ரெண்டு பக்கமும் கேட்கும். ஆனா நடுவுல ஒரு வேப்பமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் தமிழ் மீடியம் மேல்நிலைப் பள்ளி, அக்கா படிச்சது. இந்தப் பக்கம் மெட்ரிக், நான் படிச்சது. அப்பா அப்போ பாலக்கோடு மண்டில தக்காளிக் கூடை ஏத்தி இறக்கிட்டிருந்தார். அம்மா ஒவ்வொரு டெர்மும் பணம் கட்டிட்டு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பாங்க. "ஏன்டா கண்ணு, ரெண்டும் ஒரே ஃபாதர் ஸ்கூலுதானே, உனக்கு மட்டும் ஏன் இவ்ளோ காசு?"

அப்போ எனக்குப் பதில் தெரியல. "இங்கிலீஷ் மீடியம்மா"ன்னு சொல்லி சமாளிச்சேன். இப்போ தேடிப் பார்த்தப்போதான் புரிஞ்சுது, காரணம் இங்கிலீஷ் இல்ல. அந்தக் கட்டடம் எந்த வருஷம் தொடங்குச்சுங்கிறதுதான் காரணம். இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு விஷயம்தான்.

1844: ஒரே வருஷம், ரெண்டு தொடக்கம்

தமிழ்நாட்டுல கத்தோலிக்கப் பள்ளிகளோட கதையை எங்கிருந்து வேணும்னாலும் தொடங்கலாம். நான் 1844ல இருந்து தொடங்கறேன், ஏன்னா அந்த ஒரே வருஷத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு.

முதலாவது, நாகப்பட்டினம். இயேசு சபையை 1773ல திருத்தந்தையே கலைச்சுட்டார். 1814ல மறுபடி உயிர் கொடுத்தாங்க. 1830களோட கடைசில பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தாங்க. அவங்க 1844ல நாகப்பட்டினத்துல தொடங்கினதுதான் புனித வளனார் கல்லூரி, அதாவது செயின்ட் ஜோசப்ஸ். அந்தக் காலத்துல 'கல்லூரி'ன்னா இன்னிக்கு நாம சொல்ற காலேஜ் இல்ல. சின்னப் பசங்க படிக்கிற பள்ளியும் அதுக்குள்ளயே அடக்கம். 1883ல அதை அப்படியே திருச்சிக்கு மாத்திட்டாங்க. இன்னிக்கும் திருச்சில கல்லூரியும் இருக்கு, மேல்நிலைப் பள்ளியும் இருக்கு, ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். அப்துல் கலாம் 1954ல இயற்பியல் பட்டம் வாங்கினது இந்தக் கல்லூரிலதான்.

இரண்டாவது, புதுச்சேரி. அங்கே பாரிஸ் மறைபணி சபையோட பிரெஞ்சுப் பாதிரியார்கள் வேலை செஞ்சாங்க. 1844 ஜனவரில ஆயர் போனான் ஒரு மாமன்றம் கூட்டினார். பள்ளிக்கூடம் வேணும், பெண் பிள்ளைகளுக்கும் வேணும்ங்கிறது அங்கே பேசின முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணு. பொண்ணு எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா குடும்ப மரியாதை போயிடும்னு நினைச்ச காலம் அது. அப்போ பெண் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பாங்க? அதே வருஷம் அக்டோபர்ல துப்புயிங்கிற பாதிரியார் உள்ளூர்ப் பெண்களை வெச்சே ஒரு துறவற சபை தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய சபை. பெண்களுக்குப் பாடம் சொல்லித் தரதுதான் அவங்களோட வேலை.

நம்ம தருமபுரிக்கு நெருக்கமான வழி இந்த ரெண்டாவதுதான். சேலம், தருமபுரிப் பக்கமெல்லாம் ரொம்ப காலம் பாரிஸ் சபைப் பாதிரியார்கள் வேலை செஞ்ச பகுதி. 1930ல சேலம் தனி மறைமாவட்டம் ஆச்சு. அதோட முதல் ஆயர் புருனியேவும் அந்தச் சபைக்காரர்தான். தருமபுரி 1965ல சேலத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. ஆனா தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997 ஜனவரிலதான். சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் ஆண்டனி இருதயராஜ் முதல் ஆயர். இந்த 1997ஐ மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

திண்ணையில் இருந்து பிளஸ் டூ வரை

ஒரு பள்ளி எப்படி வளருது? நம்ம ஊர்ப் பக்கம் கோவிலூர், பி.பள்ளிப்பட்டி மாதிரி பழைய பங்குகள் இருக்கு. அந்த மாதிரி ஊர்ல நின்னு பார்த்தா பொதுவா ஒரே வரிசைதான் தெரியும். முதல்ல கோயில். அது பக்கத்துல பங்குத்தந்தை வீடு. அப்புறம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம், ஆரம்பப் பள்ளி. அதைத் தாண்டி மதர்மார்கள் இருக்கிற கான்வென்ட். கான்வென்டுக்குப் பின்னாடி போர்டிங், அதாவது ஹாஸ்டல்.

இந்த வரிசையே ஒரு வரலாறுதான். ஆரம்பத்துல கோயில் தாழ்வாரத்துல, ஞாயித்துக்கிழமை ஜெபம் சொல்லித் தர உபதேசியாரே மத்த நாள்ல எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவார். பசங்க கூடினா ஒரு ஷெட்டு. ஷெட்டுக்கு அரசாங்க அங்கீகாரம் வாங்கினா ஆரம்பப் பள்ளி. எட்டாவது வரைக்கும் போனா நடுநிலை, பத்தாவது வரைக்கும் போனா உயர்நிலை. 1978ல பிளஸ் டூ வந்த பிறகு மேல்நிலை. ஒவ்வொரு படிக்கும் புது அனுமதி, புது வகுப்பறை, லேப், விளையாட்டு மைதானம், டாய்லெட், எல்லாம் ஆய்வாளர் வந்து பார்க்கணும். ஒரு பள்ளி ஆரம்பப் பள்ளில இருந்து மேல்நிலை ஆகறதுக்குள்ள ரெண்டு மூணு தலைமுறை பாதிரியார்கள் மாறிடுவாங்க.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பள்ளி எந்தத் தனி ஆளோட சொத்தும் இல்ல. மறைமாவட்டமோ துறவற சபையோதான் உரிமையாளர். தாளாளர்னு ஒருத்தர் கையெழுத்து போடுவார், பல இடத்துல அது பங்குத்தந்தைதான். அவருக்கு சில வருஷத்துல மாற்றல் வந்துடும். தலைமையாசிரியையா இருக்கிற சிஸ்டரும் மாறுவாங்க. ஆள் மாறினாலும் பள்ளி நிக்காது. எங்க டீம்ல ஒரு சீனியர் வேலையை விட்டா ஆறு மாசம் கதறுவோம். இவங்க நூறு வருஷமா அதைச் சமாளிக்கிறாங்க.

அப்புறம் போர்டிங். பென்னாகரம், அரூர், சித்தேரி மலைப்பக்கம் இருக்கிற ஊருக்கு பஸ் எப்போ வரும்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். ஆறாவதுக்கு மேல படிக்கணும்னா தினமும் போய்வர முடியாது. ஆண் பிள்ளையை எப்படியாவது அனுப்பிடுவாங்க. பெண் பிள்ளை படிப்பு அங்கேயே நின்னுடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டோட எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். தருமபுரி சுமார் 68.5, மாநிலத்துலயே கடைசி. பெண்களை மட்டும் எடுத்தா 60 சதவீதம். இந்த மாவட்டத்துல பெண்கள் ஹாஸ்டலோட ஒரு பள்ளி இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணு இல்ல. எங்க அக்கா ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் போர்டிங்லதான் இருந்தா. எங்க வீட்ல பத்தாவது முடிச்ச முதல் ஆள் அவதான். அவகூட அஞ்சாவது படிச்ச எங்க தெருப் பொண்ணு ஒருத்தி ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிட்டா.

இன்னொண்ணு. இது கிறிஸ்தவங்களுக்கான பள்ளின்னு வெளியூர் நண்பர்கள் நினைச்சுக்குவாங்க. மாவட்டத்துல கிறிஸ்தவங்க சுமார் ஒரு சதவீதம்தான். அதனால வகுப்புல யார் அதிகம் இருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். எங்க வீடும் கிறிஸ்தவ வீடு இல்ல. மரியே வாழ்க பாட்டு மட்டும் இன்னும் மனப்பாடம்.

சம்பளம் யார் தராங்க?

கட்டடம் ஒரு தடவை செலவு. நிலம் யாராவது தானமா தருவாங்க, வெளிநாட்டுல இருந்து கொஞ்சம் பணம் வரும், ஊர்ல வசூல் பண்ணுவாங்க. ஆனா வாத்தியார் சம்பளம் மாசாமாசம் வரணும், வருஷக்கணக்கா வரணும். ஒரு பள்ளி நிக்குமா விழுமாங்கிறதே இதுலதான் இருக்கு.

1854ல லண்டன்ல இருந்து வந்த கல்வி அறிக்கை, உட்ஸ் டெஸ்பாட்ச்னு பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. அது சொன்ன முக்கியமான விஷயம், அரசாங்கமே எல்லாப் பள்ளியையும் கட்ட முடியாது, அதனால தனியார் நடத்துற பள்ளிக்கு மானியம் கொடுக்கலாம்ங்கிறது. ஆய்வாளர் வந்து பார்ப்பார், அதை ஏத்துக்கணும், இதான் நிபந்தனை. சென்னை மாகாணத்துல ஒரு காலத்துல பசங்க பரீட்சைல எப்படி எழுதறாங்கன்னு பார்த்து அதுக்கு ஏத்த மாதிரி மானியம் கொடுத்தாங்க. டெஸ்ட் பாஸ் ஆனாத்தான் காசு. அந்த அழுத்தம் நமக்குப் புதுசு இல்ல.

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சாசனத்தோட 30ஆவது பிரிவு வந்துச்சு. மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் தங்களுக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்துற உரிமை. மானியம் தரும்போது இவங்களுக்கு மட்டும் பாகுபாடு காட்டக் கூடாதுன்னும் அதே பிரிவு சொல்லுது. 1957ல கேரளால கல்வி மசோதா வந்து பெரிய சண்டை ஆச்சு. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1958ல நீதிமன்றம் சொன்னதோட சாரம் இதுதான்: தரம் காக்க நியாயமான விதிகள் போடலாம், ஆனா 'மானியம் வேணும்னா உங்க உரிமையை விட்டுக்கொடுங்க'ன்னு கேட்கக் கூடாது.

இங்கே தமிழ்நாட்டுல 1973ல தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. அரசு உதவி பெறும் பள்ளி, நாம 'எய்டட்'னு சொல்றது, இப்படித்தான் இயங்குது: அனுமதிச்ச பணியிடத்துல இருக்கிற ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருது. ஆளைத் தேர்ந்தெடுக்கிறது நிர்வாகம், அந்த நியமனத்தைக் கல்வி அலுவலர் ஏத்துக்கணும். தமிழ் மீடியத்துல டியூஷன் ஃபீஸ் கிடையாது. பாடப்புத்தகம், சீருடை, சத்துணவு, பஸ் பாஸ் எல்லாம் அரசுப் பள்ளி மாதிரியே.

எத்தனை பணியிடம்னு எப்படி முடிவு பண்றாங்க? ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை மாணவர்கள்னு எண்ணுவாங்க. தொடக்க வகுப்புகள்ல 30 பேருக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருத்தர்ங்கிற மாதிரி கணக்கு. எண்ணிக்கை குறைஞ்சா அங்கே இருக்கிற ஆசிரியர் 'உபரி' ஆயிடுவார். அந்தப் பணியிடம் போச்சுன்னா திரும்ப வாங்கறது லேசு இல்ல.

கதவு மூடின வருஷம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். அந்த 1973 சட்டத்துல பிற்பாடு 14-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. சட்ட மொழியை விட்டுட்டு சொல்றேன்: 1991-92 கல்வியாண்டு தொடக்கத்துக்குப் பிறகு தொடங்கின தனியார் பள்ளிக்கு மானியம் கிடையாது. பழைய பள்ளிலயே அதுக்கப்புறம் புதுசா ஒரு வகுப்பு தொடங்கினாலும் அந்த வகுப்புக்கு மானியம் கிடையாது.

அரசு தரப்புல நின்னு பார்த்தா இதுக்கு ஒரு காரணம் இருக்கு. சம்பளம்ங்கிறது வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போற செலவு. தனியார் ஒரு பள்ளி திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் செலவு அரசு தலையில வந்து சேரும். எங்கேயோ ஒரு இடத்துல கோடு போட்டுத்தான் ஆகணும்.

ஆனா அந்தக் கோடு எல்லா ஊர் மேலயும் ஒரே மாதிரி விழல. திருச்சி, பாளையங்கோட்டை, சென்னை மாதிரி ஊர்கள்ல பெரிய பள்ளிகளெல்லாம் கோட்டுக்கு முன்னாடியே வளர்ந்து முடிச்சிடுச்சு. அங்கே 19ஆம் நூற்றாண்டுலயே விதை போட்டாச்சு. தருமபுரில பழைய பங்குகள்ல இருந்த பள்ளிகளுக்கு மானியம் இருந்துச்சு. ஆனா மறைமாவட்டமே 1997லதான் வருது, கோடு போட்டு ஆறு வருஷம் கழிச்சு. புதுசா ஒரு நிர்வாகம் வந்து, எழுத்தறிவுல கடைசில இருக்கிற ஒரு மாவட்டத்துல, இன்னும் பள்ளி வேணும்னு நினைக்கும்போது, அதை இலவசமா நடத்துற வழி மூடியிருந்துச்சு. பள்ளி அதிகமா தேவைப்பட்ட இடம்தான் தாமதமா வந்து சேர்ந்துச்சு.

அப்போ மிச்சம் இருந்த வழி சுயநிதி. பெரும்பாலும் மெட்ரிக். வாத்தியார் சம்பளம் முழுக்க ஃபீஸ்ல இருந்துதான் வரணும். ஃபீஸ் எவ்வளவுன்னு 2009 சட்டத்துக்குப் பிறகு ஒரு குழு நிர்ணயிக்குது. ஃபீஸை ஏத்தினா ஏழை வர முடியாது, இறக்கினா வாத்தியாருக்கு சம்பளம் இல்ல. அதனாலதான் ஒரே காம்பவுண்டுல, மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீச்சருக்கு அரசு சம்பளம். இந்தப் பக்கம் இருக்கிற டீச்சருக்கு அதுல ஒரு சின்னப் பங்கு. பாடம் ஒண்ணு, படிப்பு ஒண்ணு, பல சமயம் பி.எட் படிச்ச கல்லூரிகூட ஒண்ணு.

அம்மா, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். அக்கா பள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்துச்சு. என் பள்ளி இந்தப் பக்கம்.

ஒரே புத்தகம், வேற வேற பலன்

2011ல நான் பத்தாவது. சமச்சீர்க் கல்வி வருமா வராதான்னு கோர்ட்ல வழக்கு ஓடிட்டிருந்துச்சு. ஜூன்ல பள்ளி திறந்தும் கைல புத்தகம் இல்ல. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் வந்துச்சு. வந்து பார்த்தா, மரத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்ல இருக்கிற அதே பாடம், இந்தப் பக்கம் இங்கிலீஷ்ல. அது வரைக்கும் மெட்ரிக் பாடத்திட்டம் தனி, அதனால ஃபீஸும் தனின்னு ஒரு சமாதானம் இருந்துச்சு. அந்த வருஷத்தோட அதுவும் போச்சு.

பலன்கள் மட்டும் ஒண்ணாகல. அக்காவுக்குப் பிளஸ் ஒன்ல அரசு சைக்கிள் கொடுத்தாங்க. எனக்குப் பிளஸ் டூ முடிக்கும்போது லேப்டாப் கிடைக்கல, அது அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் முதல் வருஷம் லேப்டாப் இல்லாம போனவன் நான். (சிரிப்பு.)

அதுக்காக எய்டட் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைச்சுடுச்சுன்னு நினைக்காதீங்க. 2020ல மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். எய்டட்ல படிச்ச கூலித் தொழிலாளி பொண்ணுக்கு அது இல்ல. காலை உணவுத் திட்டம் 2022ல தொடங்குச்சு, கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலைலதான் வந்துச்சு. கல்லூரிக்குப் போற பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் தர புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான். 2022ல அரசுப் பள்ளி மாணவிகளுக்கு, 2024 கடைசிலதான் உதவி பெறும் பள்ளில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு. அரசு இவங்களைத் தனியார்னு பார்க்குது. தனியார் இவங்களை அரசுன்னு பார்க்குது. எய்டட் பிள்ளை நடுவுல நிக்குது.

நிர்வாகத்தையும் கேள்வி கேட்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்புல 25 சதவீதம் இடத்தை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமா கொடுக்கணும். 2014ல உச்ச நீதிமன்றம், பிரமதி வழக்குல, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. சட்டப்படி அது அவங்க உரிமை. ஆனா ஏழைப் பெண் பிள்ளைக்குன்னு 1844ல தொடங்கின ஒரு மரபு, சுயநிதிப் பள்ளில ஏழைக்கு எத்தனை இடம் வெச்சிருக்குன்னு கேட்கிறது தப்பில்ல. சட்டம் கேட்காததால மட்டும் அந்தக் கேள்வி இல்லாம போயிடாது. தாமாவே இடம் ஒதுக்குற, ஃபீஸைக் குறைக்கிற நிர்வாகங்கள் இருக்கு. எங்க அப்பாவுக்கு ஒரு வருஷம் மார்க்கெட் படுத்தப்போ, ரெண்டு டெர்ம் ஃபீஸை ஒரு ஃபாதர் பேசாம தள்ளி வெச்சார். ஆனா அது அவரோட இரக்கம். அவருக்கு மாற்றல் வந்ததும் போயிடுச்சு. இரக்கத்துக்கு ரசீது கிடையாது.

யாழ்ப்பாணத்துல வேற மாதிரி முடிவு

இதே சிக்கலை இன்னொரு தமிழ் நிலம் எப்படிக் கையாண்டுச்சுன்னு பார்க்கலாம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி 1850ல தொடங்கினது. அதுவும் கத்தோலிக்கப் பள்ளி, அதுவும் ஆங்கிலேயர் காலத்து மானியத்துல வளர்ந்தது. 1960, 61ல இலங்கை அரசு சட்டம் போட்டு, உதவி பெற்ற பள்ளிகள்ல பெரும்பாலானதைத் தானே எடுத்துக்கிச்சு. பெரிய பள்ளிகளுக்கு மட்டும் தனியாவே இருக்க ஒரு வாய்ப்பு இருந்துச்சு. ஆனா நிபந்தனை ரொம்பக் கடுமை: மானியமும் கிடையாது, ஃபீஸும் வாங்கக் கூடாது. பத்திரிசியார் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்துச்சு. பழைய மாணவர்களும் திருச்சபையும் தாங்கிப் பிடிச்சாங்க. பிற்காலத்துல இந்த மாதிரிப் பள்ளிகளோட ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏத்துக்கிச்சு.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒண்ணு தெரியும். அங்கே ஒரே நாள்ல எல்லாப் பள்ளி மேலயும் கோடு போட்டாங்க. சண்டை பெருசா இருந்துச்சு, ஆனா யார் எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். இங்கே பழசைத் தொடாம புதுசுக்கு மட்டும் கோடு போட்டோம். சத்தமே வரல. அதனாலதான் எங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்குக் காரணமே தெரியாம பணம் மட்டும் கட்ட வேண்டியதாச்சு.

அக்கா எடுத்த முடிவு

இந்த எபிசோடு பண்ண உண்மையான காரணத்தை இப்போ சொல்றேன். அக்கா பொண்ணை இந்த வருஷம் பள்ளில சேர்க்கணும். அக்கா, மாமா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. அவங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு பள்ளி. மரத்துக்கு அந்தப் பக்கம் எய்டட், இந்தப் பக்கம் மெட்ரிக். அக்கா மெட்ரிக்ல சேர்த்துட்டா.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. ஃபோன்ல சொன்னேன். "அக்கா, நீ எய்டட் இல்லாம இருந்திருந்தா மில்லுக்குப் போயிருப்ப. இப்போ எய்டட்ல வருஷா வருஷம் ஆள் குறையுது. ஆகஸ்ட் 1 எண்ணிக்கைல ஒரு டீச்சர் போஸ்ட் போகுது. நம்மள மாதிரி ஆளுங்களே சேர்க்கலைன்னா அந்தப் பள்ளியே இருக்காது."

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா. "டேய், எனக்குத் தெரியாதா? ஆனா உனக்கு இங்கிலீஷ் வந்துச்சு, நீ பெங்களூர் போன. எனக்கு இன்டர்வியூல வாய் வரல. அதே நிலைமைல என் பொண்ணை நிறுத்தச் சொல்றியா? உன் பொண்ணு பொறந்ததும் நீ எங்க சேர்க்கறேன்னு பார்க்கறேன்."

எங்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.

நடக்கிறது என்னன்னா இதுதான். மெட்ரிக் கட்டடம் நிறைய நிறைய, பக்கத்துல இருக்கிற இலவசக் கட்டடம் காலியாகுது. ஒரே நிர்வாகத்தோட ஒரு கை வளர்றப்போ இன்னொரு கை மெலியுது. எங்க வேலைல பழைய சிஸ்டத்தை லெகசின்னு சொல்லுவோம். யாரும் அதைத் தொட மாட்டாங்க, புது ஃபீச்சர் எதுவும் போட மாட்டாங்க, ஆனா ரொம்பப் பேர் அதை நம்பித்தான் இருப்பாங்க. எய்டட் பள்ளி அப்படித்தான் ஆகிட்டிருக்கு. வித்தியாசம் என்னன்னா, எங்க லெகசி சிஸ்டத்தை நிறுத்திட்டா திரும்ப எழுதிக்கலாம். அந்தக் கோடு இருக்கிற வரைக்கும், மூடின ஒரு எய்டட் பள்ளிக்குப் பதிலா இன்னொண்ணைத் திறக்க முடியாது.

யாருமே வில்லன் இல்லாத கதை இது. செலவுக்குப் பயந்து கோடு போட்ட அரசு, சம்பளம் கொடுக்கணுமேன்னு மெட்ரிக் திறந்த நிர்வாகம், பொண்ணுக்கு இங்கிலீஷ் வரணும்னு நினைக்கிற அக்கா. ஒவ்வொருத்தரும் எடுக்கிற முடிவு தனியா பார்த்தா சரியாத்தான் இருக்கு.

அப்போ நாம என்ன பண்ணலாம்? பெருசா எதுவும் சொல்லப் போறதில்ல. ரெண்டு சின்ன விஷயம்.

ஒண்ணு, ஊருக்குப் போனா உங்க பள்ளியோட அடிக்கல்லைப் பாருங்க. எந்த வருஷம்னு பாருங்க. 1991க்கு முன்னாடியா, பின்னாடியா? அந்தக் காம்பவுண்டுல யார் ஃபீஸ் கட்டறாங்க, யார் கட்டலைங்கிறது பாதி அந்தக் கல்லுலயே எழுதியிருக்கும்.

ரெண்டு, நம்ம பசங்க பழைய மாணவர் சங்கம்னு ஆரம்பிச்சா முதல்ல கட்டறது நுழைவாயில் வளைவு. அதுல நம்ம பேட்ச் பேரு. எய்டட் பக்கம் போய் தலைமையாசிரியையை ஒரு தடவை பார்த்துக் கேளுங்க. "மதர், இங்கே எத்தனை போஸ்ட் காலியா இருக்கு? அதுல நிர்வாகமே சம்பளம் கொடுத்து வெச்சிருக்கிற டீச்சர் எத்தனை பேர்? அவங்களுக்கு எவ்வளவு தரீங்க?" பதில் கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும். எனக்கு இருந்துச்சு. எங்க பேட்ச்ல பதினோரு பேர் சேர்ந்து, எய்டட் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு ஒரு டீச்சர் சம்பளத்தை இந்த ஜூன்ல இருந்து ஏத்திருக்கோம். அக்கா சொன்ன காரணத்துக்கு எங்களால பண்ண முடிஞ்சது இவ்வளவுதான்.

ரசீதுக் கத்தையை அம்மா திரும்பப் பெட்டில வெச்சுட்டாங்க. "எதுக்கும்மா இன்னும் வெச்சிருக்க?"ன்னு கேட்டேன். "காசு கட்டினதுக்குச் சாட்சி வேணாமா"ன்னாங்க.

பட்டா நகல் இன்னும் கிடைக்கல. அது வேற எபிசோடு. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே, வணக்கம்.